சாமி அரிசி

நேசம்மாவின் காம்பராவில் அடுப்புக்கு மேலே ஒரு பலகை உண்டு. அந்தப் பலகையில் ஒரு மண்பானை. வெள்ளைத் துணியால் வாய் கட்டி, துணியில் சிவப்பு நூலால் ஒரு சிலுவை தைத்திருந்தாள். சிலுவை கொஞ்சம் கோணல்தான். ஆனால் அதைப் பார்த்து யாராவது சிரித்தால் போச்சு, அன்றைக்கு முழுக்க அவர்களோடு பேச்சு வார்த்தை கிடையாது.

இலங்கை மலைநாட்டில், உக்குவளைக்கு மேலே, ரயில் பாதையைத் தாண்டி ஏறினால், கொக்கோவும் ரப்பரும் நிற்கிற ஒரு தோட்டம். ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற அந்தத் தோட்டத்து லயத்தில் சிலுவை வைத்த காம்பரா அவளுடையது ஒன்றுதான். மற்ற எல்லோரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். நேசம்மாவுக்குப் பிள்ளை இல்லை, புருஷன் செத்து வெகு காலம் ஆகிவிட்டது. வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை அவளுக்கு. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் துடைத்து, கால் கழுவி, தூளியாட்டி வளர்த்த கை அது.

அந்தப் பானை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மாத்தளையில் ஒரு முறை பெரிய எழுப்புதல் கூட்டம் நடந்தது. பிரசங்கியார் தொண்டை கிழியப் பேசிவிட்டு, ஆண்டவர் உங்களைக் கூப்பிடுகிறார், அவருக்குப் பின்னால் போக யாரெல்லாம் எழும்புகிறீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டு வாய் மூடவில்லை, நம்ம நேசம்மா எழும்பி நின்றுவிட்டாள். பக்கத்தில் இருந்தவளின் காலை மிதித்துக்கொண்டுதான் எழும்பினாள். ஒரு கையில் பைபிளும் மறுகையில் குடையுமாகத் தோட்டம் தோட்டமாகப் போய் ஊழியம் செய்ய வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு ஆசை.

விஜயரத்தினம் உபதேசியார் யாழ்ப்பாணத்துக்காரர். உக்குவளையில் இருந்த அந்தச் சின்னத் தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நேசம்மா போய்த் தன் அழைப்பைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்ல மனுஷன்.

"நேசம்மா, உமக்கு ஒரு வசனத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கவே பொழுது போயிடும். ஊர் ஊராத் திரிய வேண்டாம். உம்மட அடுப்படியில இருந்தே அவருக்குப் பின்னால போகலாம்" என்றார்.

போகிற வழியையும் அவரே காட்டினார். கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது, சமைக்க எடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை ஆண்டவருக்கென்று எடுத்து வைக்க வேண்டும். அறுப்புப் பண்டிகையன்று அதைத் தேவாலயத்தில் கொண்டுபோய்ப் படைக்க வேண்டும். அங்கே வாழைக்குலை, பூசணிக்காய், கோழி என்று எல்லாவற்றையும் ஏலம் போட்டு, வந்ததை ஊழியத்துக்கு எடுப்பார்கள். நேசம்மாவுக்கு முதலில் முகம் தொங்கிப் போயிற்று. பைபிளும் குடையும் கேட்டவளுக்குப் பானையைக் கொடுத்தால்? ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆள் அவள் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பானைதான் அவளுடைய அழைப்பு, அவளுடைய ஊழியம், ஏன், அவளுடைய பிள்ளையும் அதுதான்.

உண்மையில் பிள்ளை என்று சொல்ல இன்னொன்றும் இருந்தது. பக்கத்துக் காம்பரா அழகாயியின் மகள் பாலாமணி. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தூக்கம் கலையும். தூளியில் கிடந்த நாளிலிருந்து நேசம்மாவின் மடியிலேயே வளர்ந்தவள் பாலாமணி. நடக்கத் தெரிந்ததும் தாயிடம் போகாமல் நேசம்மாவின் அடுப்படிக்குத்தான் வருவாள். நேசம்மா அரிசியை அள்ளிக் கண்ணை மூடினால் அவளும் கண்ணை மூடுவாள்.

"இது யாரு அரிசி, மணி?"

"சாமி அய்சி."

சொல்லிவிட்டு, தன்னைத் தூக்கச் சொல்லி அடம்பிடித்து, வெறும் கையைப் பொத்திக் கொண்டுபோய்ப் பானைக்குள் விரிப்பாள். அவள் போடுகிற கைப்பிடி அது. நேசம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்புறம் வந்தது எழுபத்து நாலாம் வருஷத்துப் பஞ்சம். அதை என்னத்தைச் சொல்ல! கூப்பனுக்குக் கிடைத்த அரிசி பாதியாயிற்று, பிறகு அதிலும் பாதியாயிற்று. கோதுமை மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் அடிபிடி. தோட்டத்தில் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை, வேலை இல்லாத நாளில் பிள்ளைக்காம்பராவும் பூட்டு. சனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றார்கள், அது முடிந்ததும் கண்ட கண்ட இலையையும் அவித்துத் தின்றார்கள். மாத்தளைக் கடைத்தெருவில் தோட்டத்துச் சனம் கையேந்தி நின்றது. அழகாயியின் புருஷன் இருளாண்டி, லக்கல பக்கம் காடு வெட்டிப் பயிர் வைக்கிற சேனைகளில் காவலுக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டுப் போனவன்தான், இன்னும் ஒரு சேதியும் இல்லை.

தேவாலயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கைப்பிடி அரிசியை நிறுத்திவிட்டார்கள். நம்ம பாடு ஆண்டவருக்குத் தெரியாதா என்றார்கள். நேசம்மா நிறுத்தவில்லை. கூப்பன் அரிசி வந்ததும் முதல் கைப்பிடி பானைக்கு. தான் கிழங்கைத் தின்றுகொண்டு பானையை நிரப்பினாள். வண்டு விழாமல் வேப்பிலை போட்டாள். இந்தப் பண்டிகைக்கு அரிசி கொண்டுபோகிறவள் தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு பசியை மறக்கடிக்கிற அளவுக்கு இனிப்பாகவும் இருந்தது. அடி பைத்தியக்காரி, அந்த இனிப்பில்தானே வினை இருந்தது.

பண்டிகைக்கு முந்தின புதன்கிழமை மத்தியானம் அழகாயி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள்.

"அக்கா, மணிக்கு நேத்துலருந்து வயித்தால போகுது. கண்ணு உள்ள போயிருச்சு. டிஸ்பென்சரி ஐயா அரிசிக் கஞ்சித்தண்ணியில உப்புப் போட்டு அடிக்கடி ஊத்தச் சொன்னாரு. ஒரு சிறங்கை அரிசி குடுங்கக்கா. கூப்பன் அரிசி வந்தோன்ன குடுத்துர்றேன்."

"எங்கிட்ட ஏது புள்ள அரிசி? நானே கெழங்கத்தான் திங்கிறேன். பதுர்தீன் நானா கடையில கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேங்கக்கா. அவுங்க ஊட்டுலயே ஒல வைக்கலையாம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அழகாயியின் கண் மேலே போயிற்று. வேண்டுமென்று பார்க்கவில்லை. பசித்த வீட்டுக் கண், அது பலகையில் போய் நின்றுவிட்டது.

"அதுலருந்து கொஞ்சம்..."

"அழகாயி!" நேசம்மா பதறிப்போனாள். "அது சாமி அரிசி புள்ள! ஞாயித்துக்கெழம பண்டிக. ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சதுல கைய வைக்கலாமா? எனக்கும் பாவம், ஒனக்கும் பாவம், அதத் திங்கிற புள்ளைக்கும் பாவம்."

அழகாயி சட்டென்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "அய்யோ சாமி, தெரியாமக் கேட்டுட்டேன். மன்னிச்சுக்க தாயே" என்று பானையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நேசம்மாவின் மனது கல் இல்லை. தன் சட்டியில் இருந்த இரண்டு துண்டு அவித்த கிழங்கையும் எடுத்துக் கொடுத்தாள். வயிற்றால் போகிற பிள்ளைக்குக் கிழங்கு! கூடவே போய், சாக்கில் சுருண்டு கிடந்த பாலாமணியின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். நல்ல நீளமான ஜெபம். கண்ணீர் விட்டுத்தான் ஜெபித்தாள், அதில் பொய் ஒன்றும் இல்லை. "நேசா" என்று பிள்ளை ஒரு தரம் அவள் விரலைப் பிடித்தது. ஜெபம் முடிந்தது, ஆமென் சொல்லியாயிற்று, அழகாயியின் அடுப்பு மட்டும் பற்றவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது பாலாமணி செத்துப்போயிருந்தாள்.

ரப்பர் காட்டின் ஓரத்தில் குழி வெட்டினார்கள். அழகாயியின் பழைய சேலை ஒன்றைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். லயத்துப் பெண்கள் எல்லோரும் ஒப்பாரி வைத்தார்கள். அழகாயி மட்டும் அழவில்லை. "அழுதுருடி, நெஞ்சு வெடிச்சுரும்டி" என்று அவளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள், கிள்ளிக்கூடப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், அவ்வளவுதான். நேசம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஆண்டவரோட சித்தம் புள்ள, நம்ம கையில என்ன இருக்கு" என்றாள்.

சித்தமாம்! ஆண்டவர் பேரில் பழியைப் போட நமக்கு எவ்வளவு சுலபமாக வாய் வருகிறது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ரயில் பாதையோரமாகவே இறங்கிப் போனாள். வழியெல்லாம் அழுகைதான். ஆனால் பானையைக் கொண்டுபோகாமல் இருக்க அவளால் முடியவில்லை. பிள்ளை போய்விட்டது, பானையாவது மிஞ்ச வேண்டும் என்றிருந்தது.

அந்த வருஷத்து அறுப்புப் பண்டிகையைப் பார்த்தால் கல்லும் கரையும். பீடத்துக்கு முன்னால் ஒரு சின்ன வாழைக்குலை, கொஞ்சம் மரவள்ளிக்கிழங்கு, ஒரு சுரைக்காய், யாரோ வைத்த இரண்டு தேங்காய். நடுவில் நேசம்மாவின் பானை. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். நேசம்மாவுக்கு, அவ்வளவு துக்கத்துக்கு நடுவிலும், நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

உபதேசியார் எழும்பி நின்றார். பிரசங்கம் என்று பெரிதாக ஒன்றும் பண்ணவில்லை.

"இந்த முறை ஏலம் இல்லை. தோட்டத்துப் பிள்ளையள் பசியில சாகுதுகள். ஆண்டவருக்கெண்டு நாங்கள் இஞ்ச கொண்டந்து வச்சது முழுக்க அந்தப் பிள்ளையளின்ர வாய்க்குத்தான் போக வேணும். அவர் கேக்கிறது அதைத்தான்." பிறகு நேசம்மாவின் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நேசம்மா, நீர் எங்கள் எல்லாரையும் வெக்கப்படுத்திப் போட்டீர். பானையைத் திருப்பிக் கொண்டு போம். உம்மட லயத்தில கஞ்சி காய்ச்சும். எந்தப் பிள்ளைக்கு முதல் குடுக்க வேணுமெண்டு எங்களை விட உமக்குத்தானே தெரியும்."

நேசம்மா வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றி எல்லோரும் பாட எழும்பினார்கள், அவளால் எழும்ப முடியவில்லை. பானைக்குள் விரிந்த அந்த வெறும் கைதான் கண்ணுக்குள் நின்றது.

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு உபதேசியாரிடம் போனாள்.

"ஐயா, பண்டிகைக்கு முந்தியே குடுத்திருக்கலாமா? யாராச்சும் வந்து கேட்டிருந்தா?"

"இதென்ன கேள்வி? கேக்கிறவைக்குக் குடுக்கத்தானே..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஆர் வந்து கேட்டது, நேசம்மா?"

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பானையை நிரப்பும் எண்டு சொன்னன். மற்றதைச் சொல்லித் தரேல்லையே நான். அது உமக்குத் தெரியுமெண்டு நினைச்சிட்டன்" என்றார்.

பானையைத் திரும்பத் தலையில் தூக்கினாள். போகும்போது இருந்த பாரம்தான், வரும்போது கழுத்து முறிகிறது போல இருந்தது. வழியில் அவளுக்குள் ஒரு கணக்கு ஓடிற்று, மனுஷ மனசுதானே. உபதேசியார் யாரிடமும் சொல்ல மாட்டார். அழகாயிக்கு ஒன்றும் தெரியாது. கஞ்சி காய்ச்சி முதல் கோப்பையை அவளுக்குக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவாள். காலம் பூராவும் அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். உலகத்தில் நேசம்மாவுக்கென்று மிஞ்சி இருந்தது அந்த ஒருத்திதான். அவளையும் இழக்க வேண்டுமா?

லயத்துக்கு வந்து வெளியில் கல் கூட்டிக் கஞ்சி வைத்தாள். வாசம் போன மாத்திரத்தில் பிள்ளைகள் தகரப் பேணிகளோடு வந்து நின்றன. கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு, முதல் கோப்பையை எடுத்துக்கொண்டு அழகாயியின் காம்பராவுக்குப் போனாள். அழகாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாக்கு இன்னும் சுருட்டாமல் அப்படியே கிடந்தது.

"இந்தா புள்ள, ரெண்டு வாய் குடி."

அழகாயி கோப்பையைப் பார்த்தாள். "எது அரிசிக்கா?"

"பானை அரிசிதான். சாமிக்குக் குடுத்தாச்சு. சாமி திருப்பிக் குடுத்துட்டாரு." பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லையே.

அழகாயி பின்னால் நகர்ந்தாள். "எனக்கு வேணாங்கக்கா. நான் அதத் தொட மாட்டேன்." பிறகு மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். அன்னிக்கு நீங்க பாவம்னு சொன்னீங்கள்ல. கன்னத்துல போட்டுக்கிட்டேன், ஆனா மனசு கேக்கல. பொழுதுக்கும் அந்தப் பானையிலயே நெனப்பு. நீங்க தண்ணிக்குப் போன நேரம் ஒங்க வாசல் வரைக்கும் வந்தேங்கக்கா, களவெடுக்க. பயந்துகிட்டுத் திரும்பிட்டேன். சாமிக்குத் தெரியாமயா இருக்கும்? அதான் கோவிச்சுக்கிட்டு மணிய எடுத்துருச்சு. எம்புள்ளைய நானே கொன்னுட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அழுவேன், சொல்லுங்க."

ஐயோ நேசம்மா! இதையா விதைத்துவிட்டு வந்தாய்?

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படியெல்லாம் இல்லை புள்ள, அழாத என்று தலையைத் தடவி, அக்காவாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு மாத்தளையில், அத்தனை சனத்துக்கு நடுவில், பக்கத்தில் இருந்தவளின் காலை மிதித்துக்கொண்டு எழும்பினாளே, அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. இங்கே பார்க்க ஒருத்தரும் இல்லை, பாட்டும் இல்லை, பிரசங்கியாரும் இல்லை. ஆனால் இப்போதுதான் ஆண்டவர் கூப்பிடுகிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. புதன்கிழமையும் இதே ஆள்தான் வாசல்படியில் நின்று கூப்பிட்டார், அவளுக்குத்தான் காது கேட்கவில்லை.

கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சாமி கோவிக்கல அழகாயி. அந்த அரிசி மணிக்குத்தான். சாமி அத மணிக்குன்னுதான் எங்கிட்டக் குடுத்து வச்சிருந்தாரு. நான்தான் குடுக்கல."

"பாவம்னு சொன்னீங்களே."

"தப்பாச் சொன்னேன். பானை நெறஞ்சு இருக்கணும், எல்லாரும் என்னயப் பாக்கணும்னு எனக்கு ஆச. அந்த ஆசையில ஒம்புள்ள கண்ணு உள்ள போனது எனக்குத் தெரியல."

அழகாயிக்கு விளங்க நேரம் எடுத்தது. நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அப்ப, அன்னிக்கே குடுத்திருக்கலாமா?"

"குடுத்திருக்கலாம்."

"ஒரு பாவமும் இல்லையா?"

"இல்ல."

"எம்மேல தப்பு..."

"ஒம்மேல ஒண்ணுமே இல்ல புள்ள. பூராவும் எம்மேலதான்."

அழகாயி வாயைத் திறந்தாள். பிறகு "மணீ" என்று ஒரு அலறல் வந்தது பாருங்கள், லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள். புதைத்த நாளில் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. இரண்டு கையாலும் நேசம்மாவின் நெஞ்சில் அடித்தாள், தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். நேசம்மா ஒரு கையையும் தூக்கவில்லை. பெண்கள் வந்து பிரித்து எடுத்தார்கள்.

"போ! போயிரு! எம் மூஞ்சியில முழிக்காத நீ!" என்று கத்தினாள் அழகாயி. நீங்க என்பது நீ ஆகிவிட்டது. அக்கா என்ற சொல் அதற்குப் பிறகு அவள் வாயில் வரவே இல்லை.

நேசம்மா வெளியே வந்தாள். பிள்ளைகள் இன்னும் பேணிகளை நீட்டிக்கொண்டு நின்றன. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து, கஞ்சி ஊற்றத் தொடங்கினாள். உள்ளே அழகாயி மகள் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டே இருந்தாள். அந்த அழுகை நிற்கக் கூடாது, அவள் அழுது தீர்க்கட்டும் என்று நேசம்மா நினைத்தாள். அன்று அவளுக்கு வேறு ஜெபம் வரவில்லை.

பஞ்சம் போக வெகு நாள் பிடித்தது. நேசம்மா கூப்பன் அரிசியில் கைப்பிடி எடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் பானையைப் பலகையிலிருந்து இறக்கி வாசல்படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். வாய் கட்டிய துணியை அவிழ்த்தவள் திரும்பக் கட்டவில்லை. லயத்தில் யாருக்கு இல்லையோ அவர்கள் வந்தார்கள், கேட்டும் எடுத்தார்கள், கேட்காமலும் எடுத்தார்கள்.

அழகாயி மட்டும் ஒரு நாளும் வரவில்லை.